வாகடூகுவில் படம் பார்க்கவும் திரையிடவும்: ஃபெஸ்பாக்கோ விழாவுக்கும் மிக்கா சந்தைக்கும் முழுமையான வழிகாட்டி

ஆப்பிரிக்கப் படங்களில் நம் ஊர்த் திரைப்பட விழாக்களுக்கு வந்து சேர்பவை மிகச் சில. அவையும் பெரும்பாலும் கான், வெனிஸ், டொராண்டோ விழாக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவை. அந்தக் கண்டத்து மக்கள் தங்கள் ஊர் அரங்கில் உட்கார்ந்து எந்தப் படத்துக்குக் கைதட்டினார்கள், எதற்குப் பாதியில் எழுந்து போனார்கள் என்ற செய்தி நமக்கு வருவதே இல்லை. அதை நேரில் அறிய விரும்புபவர் போக வேண்டிய ஊர் புர்கினா ஃபாசோவின் தலைநகரான வாகடூகு. ஒற்றைப்படை ஆண்டுகளில், பிப்ரவரி இறுதியில், அங்கே ஃபெஸ்பாக்கோ திரைப்பட விழா நடக்கிறது. கூடவே மிக்கா என்ற திரைப்பட, தொலைக்காட்சிச் சந்தையும் கூடுகிறது.

திரைப்படக் கழகம் நடத்துபவர்கள், விழாக்களுக்குப் படம் தேர்வு செய்பவர்கள், ஆப்பிரிக்கத் தயாரிப்பாளர்களோடு கூட்டாகப் படம் எடுக்க நினைப்பவர்கள், சினிமா மாணவர்கள், விமர்சகர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதலிலேயே என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சந்தையின் சிறு திரையில் மட்டும் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த ஊர்மக்களோடு உட்கார்ந்து பாருங்கள். அந்த ஊரில் ஒரு படத்தின் மதிப்பு அங்கேதான் தீர்மானமாகிறது. பயண ஏற்பாடு, நேர ஒதுக்கீடு, பேச்சுவார்த்தை எல்லாவற்றையும் இதை மையமாக வைத்தே திட்டமிடுங்கள்.

விழா வேறு, சந்தை வேறு

இந்த விழாவின் தோற்றத்தைத் தெரிந்துகொள்ளாமல் போனால் அங்கு நடப்பவற்றில் பாதி புரியாது. 1969 பிப்ரவரி 1 முதல் 15 வரை, அலிமாட்டா சலம்பெரே உள்ளிட்ட சினிமா ஆர்வலர்கள் சிலர் ஆப்பிரிக்கப் படங்களுக்கென ஒரு திரையிடலை வாகடூகுவில் நடத்தினார்கள். நாட்டின் பெயர் அப்போது மேல் வோல்டா. பிரெஞ்சு பேசும் மேற்கு ஆப்பிரிக்காவின் திரையரங்குகள் அந்தக் காலத்தில் கோமாசிகோ, செக்மா என்ற இரண்டு நிறுவனங்களின் கையில் இருந்தன. திரையில் ஓடியவையெல்லாம் வெளிநாட்டுப் படங்கள். ஆப்பிரிக்கர் எடுத்த படத்தை ஆப்பிரிக்கர் பார்க்க வழியே இல்லாத நிலை. 1970 ஜனவரியில் மேல் வோல்டா அரசு திரையரங்குகளை நாட்டுடைமை ஆக்கியது. ஒரு ஏழை நாடு அந்த நேரத்தில் எடுத்த பெரிய துணிச்சலான முடிவு அது.

1972இல் விழா முறைப்படி நிறுவப்பட்டு, முதல் பெரும்பரிசு நைஜர் நாட்டு இயக்குநர் உமரு காண்டாவுக்கு வழங்கப்பட்டது. 1979 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற முறை வந்தது. மிக்கா சந்தை 1983இல் தொடங்கியது. அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த தோமா சங்கரா விழாவைத் தன் அரசின் பெருமையாகவே கருதினார்.

சுருங்கச் சொன்னால், விழா மக்களுக்கானது, சந்தை தொழில்துறைக்கானது. விழா அரங்கில் டிக்கெட் வாங்கியவர் யாரும் உட்காரலாம். சந்தையில் பதிவு செய்த தயாரிப்பாளர்கள், வினியோகஸ்தர்கள், தொலைக்காட்சி நிறுவனத்தார், பிற விழாக்களின் தேர்வாளர்கள் ஆகியோருக்குத்தான் இடம். கடைகள் போலச் சிறு கூடங்கள் அமைத்து, சுவரொட்டியும் கையேடும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். படத்தைக் கணினித் திரையிலோ சிறிய அறையிலோ போட்டுக் காட்டுவார்கள்.

பிரீமியர் என்றால் எந்த பிரீமியர்?

படத்தோடு போகிறவர்கள் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான். உலகில் முதல் முறையாகப் பொதுமக்கள் முன் திரையிடப்பட்டால் அது உலக பிரீமியர். தயாரித்த நாட்டுக்கு வெளியே முதல் முறை என்றால் சர்வதேச பிரீமியர். அந்தக் கண்டத்தில் முதல் முறை என்றால் ஆப்பிரிக்க பிரீமியர். அதற்குக் கீழே வட்டார பிரீமியர், நாட்டு பிரீமியர் என்று போகும்.

சந்தைத் திரையிடல் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. அது வாங்குவோருக்கு மட்டும் காட்டும் மூடிய காட்சி. எனவே மிக்காவில் பத்துப் பேருக்குப் படத்தைக் காட்டிவிட்டு, பிறகு வேறொரு விழாவில் உலக பிரீமியர் நடத்த முடியும். ஆனால் அந்த விழாவின் விதிமுறையை எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தைக் காட்சியைப் பற்றி விமர்சனம் எழுத வேண்டாம் என்று பத்திரிகையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம். ஒரு விமர்சனம் வெளியாகிவிட்டால் படம் வெளிவந்துவிட்டதாகவே பல தேர்வாளர்கள் நினைப்பார்கள்.

ஃபெஸ்பாக்கோ போட்டிப் பிரிவில் உலக பிரீமியர் கட்டாயமில்லை. 2021இல் பெரும்பரிசு பெற்ற சோமாலிய இயக்குநர் காதர் அகமதின் படமும், 2023இல் பெற்ற துனீசிய இயக்குநர் யூசுஃப் ஷெபியின் படமும் ஏற்கெனவே கான் விழாவில் திரையிடப்பட்டவை. இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பாவில் பாராட்டு வாங்கிய படம் வாகடூகு மக்கள் முன் நிற்கும்போது அது வேறு தேர்வு எழுதுகிறது. சில படங்கள் அங்கே உயர்கின்றன, சில அமைதியாக மறக்கப்படுகின்றன. இரண்டையும் பார்க்கத்தானே போகிறோம்.

போட்டிப் பிரிவுகள் ஆப்பிரிக்க இயக்குநர்களுக்கு உரியவை. முழுநீளக் கதைப்படம், ஆவணப்படம், குறும்படம், அசைவூட்டப் படம், தொலைக்காட்சித் தொடர், திரைப்படப் பள்ளி மாணவர் படம் என்று பல பிரிவுகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்லும் தயாரிப்பாளர் ஆப்பிரிக்க இயக்குநரின் படத்தில் கூட்டுத் தயாரிப்பாளராக இருந்தால்தான் போட்டிக்குள் நுழைய வழி. முடிவடையாத படத்துக்குத் துணை தேடுபவர்கள் யெனெங்கா பட்டறைகளைக் கவனியுங்கள். விழாவின் பொறுப்பை 2020இல் ஏற்ற அலெக்ஸ் முசா சவடோகோ காலத்தில், 2021இல் தொடங்கியவை இவை. படப்பிடிப்பு முடிந்து, படத்தொகுப்பு நிலையில் பணமின்றி நிற்கும் படங்களுக்குக் கை கொடுப்பது இவற்றில் ஒன்று. ஒலிக்கலவை, நிறத்திருத்தம் செய்யும் கூடம் வைத்திருப்பவருக்கு ஆப்பிரிக்கத் தயாரிப்பாளரோடு பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

விழா வழக்கமாகச் சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை முடியும். 2025இல் பிப்ரவரி 22 முதல் மார்ச் 1 வரை நடந்தது. தேதி மாறவே மாறாது என்று நம்பிவிடாதீர்கள். 2021 விழா பெருந்தொற்றால் அக்டோபர் 16 முதல் 23 வரை தள்ளிப்போனது. திருப்பித் தர முடியாத விமான டிக்கெட்டை அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

படம் அனுப்புபவர்களுக்குக் கடைசித் தேதி முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே முடிந்துவிடும். பார்க்க மட்டும் போகிறவர்கள் இணையத்தில் பதிவு செய்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தொழில்முறையாளர், பத்திரிகையாளர், பார்வையாளர் என்று அட்டைகள் வெவ்வேறு. சந்தைக்குள் நுழையத் தொழில்முறை அட்டை வேண்டும். உங்கள் கழகத்தின் பெயர், இதுவரை திரையிட்ட படங்களின் பட்டியல், ஒரு பக்கக் கடிதம் மூன்றையும் பிரெஞ்சில் தயார் செய்து அனுப்புங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் போகவே கூடாது. ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். சான்று இல்லாமல் அந்தப் பகுதியிலிருந்து இந்தியா திரும்பினால் இங்கே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். மலேரியா தடுப்பு மருந்தையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். புர்கினா ஃபாசோவின் பல பகுதிகள் ஆயுதக் குழுக்களின் தாக்குதலால் பல ஆண்டுகளாக அவதிப்படுகின்றன. 2016 ஜனவரியில் தலைநகரிலேயே ஒரு உணவகத்திலும் ஹோட்டலிலும் பெரும் தாக்குதல் நடந்தது. 2022இல் மட்டும் இரண்டு முறை இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பல நாடுகள் தம் குடிமக்களை அங்கே போக வேண்டாம் என்று எச்சரிக்கின்றன. பயணக் காப்பீட்டு நிறுவனங்கள் அந்த எச்சரிக்கையைக் காட்டி இழப்பீடு மறுக்கக்கூடும். பத்திரத்தின் விதிவிலக்குப் பகுதியை வரி விடாமல் படியுங்கள். விழா இவ்வளவுக்கும் நடுவில் 2023லும் 2025லும் நடந்தது என்பது உண்மை. ஆனாலும் போவதா வேண்டாமா என்ற முடிவை அந்த ஆண்டின் நிலவரத்தைப் பார்த்தே எடுங்கள். தலைநகரைவிட்டு வெளியே சுற்றிப் பார்க்கும் திட்டம் வேண்டாம்.

போக முடியாவிட்டால் மாற்று வழிகள் உண்டு. 1966இல் தொடங்கிய கார்த்தேஜ் விழா துனீசியாவில் நடக்கிறது. ஆப்பிரிக்க, அரபுப் படங்களுக்கு அது பெரிய மேடை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2010 முதல் நடக்கும் டர்பன் ஃபிலிம்மார்ட் சந்தையில் ஆங்கிலமே போதும். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையாக வாழும் ஊர் அது. ஆனால் டர்பனின் பலம் கதையை முன்வைத்து முதலீடு தேடுவதில் இருக்கிறது. ஊரே திரண்டு வந்து படம் பார்ப்பதைக் காண வாகடூகுதான்.

மொழியில் கோட்டை விடாதீர்கள்

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் வாகடூகுவில் பாதிப் பார்வையாளர்தான். அலுவல்கள் பிரெஞ்சில் நடக்கின்றன. தெருவில் உள்ளூர் மொழிகளான மோரேவும் டியூலாவும் கேட்கும். படங்களின் துணைத்தலைப்பும் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் இருக்கும். ஆங்கிலத் துணைத்தலைப்பு இருந்தால் அது வரம், எதிர்பார்க்கக் கூடாது.

ஆறு மாதத்தில் பிரெஞ்சு இலக்கியம் படிக்க முடியாது. துணைத்தலைப்பை வாசிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ள முடியும். பயிற்சிக்கு, ஏற்கெனவே பார்த்த படங்களைப் பிரெஞ்சுத் துணைத்தலைப்போடு மீண்டும் பாருங்கள். கூடவே, போட்டிப் பட்டியல் வெளியானவுடன் ஒவ்வொரு படத்தின் கதைச்சுருக்கத்தையும் மொழிபெயர்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இருட்டில் உட்கார்ந்து ஒரு வரி தவறினாலும் கதை கையைவிட்டுப் போகாது. மோரேயில் நன்றி சொல்ல ‘பர்க்கா’ என்றால் போதும். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை முகங்கள் மலர்கின்றன என்பதை நுழைவாயில் காவலர் முதல் ஒலிக்கருவி இயக்குபவர் வரை பார்க்கலாம்.

படம் கொண்டு போகிறவர்களுக்கு: கோப்பும் சாவியும்

இங்கே சற்று நிதானமாகப் படியுங்கள். ஒரு பிரீமியர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

2013 வரை ஃபெஸ்பாக்கோவின் முதன்மைப் போட்டிக்கு 35 மி.மீ. படச்சுருள் வேண்டியிருந்தது. டிஜிட்டலில் எடுத்த இளம் இயக்குநர்களுக்கு அது பெரும் சுமை. 2015 முதல் டிஜிட்டல் பிரதி ஏற்கப்பட்டது. இன்று அனுப்ப வேண்டியது டி.சி.பி. எனப்படும் திரையரங்குக் கோப்புத் தொகுப்பு. முழுநீளப் படத்துக்கு அது 150 முதல் 250 ஜி.பி. வரை வரும். இணையத்தில் அனுப்புவதாக இருந்தால் வாரக்கணக்கில் முன்பே தொடங்குங்கள். வன்தட்டில் அனுப்பினால், திரையரங்குச் சர்வர் படிக்கும் லினக்ஸ் வடிவத்தில் தட்டு இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் திறக்கிறது என்பதற்காக அரங்கில் திறந்துவிடாது. ஒரு தட்டை அனுப்பிவிட்டு, இன்னொன்றைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைசித் துணையாக உயர்தர வீடியோ கோப்பு ஒன்று சிறு டிரைவில் இருக்கட்டும்.

அடுத்தது சாவி. படம் பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்க கே.டி.எம். என்ற சிறு கோப்பு தேவை. அது இரண்டு விஷயங்களில் கறாரானது. குறிப்பிட்ட ஒரு சர்வரில் மட்டுமே திறக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே திறக்கும். விழாக்களில் ஒரு காட்சி கடைசி நேரத்தில் வேறு அரங்குக்கு மாறுவது சாதாரணம். பழைய சாவி புதிய அரங்கில் வேலை செய்யாது. மாலை 6.30 காட்சிக்கு அரங்கு மாறியதாகச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாகடூகுவின் நேரம் சர்வதேசப் பொது நேரமேதான். அப்போது சென்னையில் நள்ளிரவு 12 மணி. சாவி தயாரிக்கும் கூடத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. வெளியே வரிசை வளர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் நெற்றியில் வியர்வையோடு கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். இதைத் தவிர்க்க வழி எளிது. திரையிடல் நடக்கக்கூடிய எல்லா அரங்குகளின் சர்வர் சான்றையும் (அந்தச் சர்வரை அடையாளம் காட்டும் கோப்பு) விழாவிடம் முன்பே வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி செய்து வைத்துக்கொள்ளுங்கள். விழா வாரம் முழுவதும் செல்லுபடியாகும்படி நேர வரம்பை அகலமாக வையுங்கள். அல்லது, நம்பிக்கையான விழா என்றால் படத்தைப் பூட்டாமலே கொடுங்கள். நான் பூட்டாமல் கொடுக்கவே சொல்வேன். திருட்டுப் பிரதி குறித்த அச்சம் நியாயமானதுதான். திரை இருண்டு நிற்கும் பிரீமியர் அதைவிடப் பெரிய நட்டம்.

துணைத்தலைப்பைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். தனிக் கோப்பாக இருந்தால் எழுத்துரு தகராறு செய்யலாம். பிரெஞ்சு கட்டாயம், இரண்டாவது வரியாக ஆங்கிலமும் சேர்த்தால் வெளிநாட்டுத் தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

காட்சிக்கு முன் அரங்கில் சோதனை கேளுங்கள். படம் முழுவதும் போட்டுக் காட்ட நேரம் இருக்காது. ஐந்து நிமிடம் கிடைத்தாலும் போதும். இருட்டான காட்சி ஒன்று, உரையாடல் மெல்லியதாக வரும் காட்சி ஒன்று, சத்தம் உச்சத்தில் இருக்கும் காட்சி ஒன்று என மூன்று இடங்களை நேரக் குறிப்போடு எழுதிப் படம் ஓட்டுபவரிடம் கொடுங்கள். திரையரங்கு ஒலிக்கருவியில் 7 என்ற எண் கலவை செய்த கூடத்தின் ஒலி அளவைக் குறிக்கும். நிறைந்த அரங்கில், ரசிகர்கள் சத்தமாகப் பார்க்கும் ஊரில், சற்றுக் கூட்ட வேண்டியிருக்கலாம். படம் ஓட்டுபவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மேடையில் நன்றி சொல்லும்போது அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊரில் இறங்கிய முதல் நாள்

பிப்ரவரி இறுதியில் பகல் வெயில் நம் சித்திரை மாதத்தை ஒத்தது. சகாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் காற்று மெல்லிய புழுதியைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் படியவிடும். பருத்தி ஆடை, மூக்கை மூட ஒரு துணி, கண் சொட்டு மருந்து இருக்கட்டும். ஊர் இருசக்கர வண்டிகளின் ஊர். சாலையைக் கடக்கும்போது நிதானம் தேவை.

அந்நாட்டுப் பணமான சிஃபா பிராங்க் யூரோவோடு நிலையான மதிப்பில் கட்டப்பட்டது; ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க். யூரோ நோட்டு கொண்டுபோவது வசதி. சில்லறை எப்போதும் கையில் இருக்கட்டும்.

முதல் வேலை அடையாள அட்டை வாங்குவது. இரண்டாவது, அச்சிட்ட நிகழ்ச்சி நிரலைக் கண்டுபிடிப்பது. நிரல் தாமதமாக வரும், வந்த பிறகும் மாறும். ஒவ்வொரு காலையும் புதிய பட்டியலைப் பார்த்தே அன்றைய திட்டத்தைப் போடுங்கள். போட்டிப் படங்களுக்குப் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட காட்சிகள் இருக்கும். முதல் காட்சி தவறினாலும் பதற வேண்டாம்.

தொடக்க நாட்களில் திரைப்படக் கலைஞர்கள் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். படச்சுருளும் லென்ஸும் அடுக்கிய வடிவில் ஒரு தூண் அங்கே நிற்கிறது. மறைந்த கலைஞர்களை நினைத்து, இயக்குநர்களும் நடிகர்களும் கைகோத்து அதைச் சுற்றி நின்று நீர் வார்த்து அஞ்சலி செய்வது இந்த விழாவின் மரபு. 2025 விழாவில் நடுவர் குழுத் தலைவராக இருக்க வேண்டிய மாலி நாட்டு மேதை சுலேமான் சிசே, விழா தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, பிப்ரவரி 19 அன்று பமாகோவில் காலமானார். 1979லும் 1983லும் இரண்டு முறை பெரும்பரிசு வென்றவர். இப்படிப்பட்டவர்களின் வாழ்வோடு பின்னிக் கிடக்கும் சடங்கு அது. வேடிக்கை பார்ப்பவராக முன்னால் போய்ப் படம் பிடிக்காமல், ஓரமாக நின்று மரியாதை செய்யுங்கள்.

காலையில் சந்தை, மாலையில் அரங்கு

இதுதான் நான் பரிந்துரைக்கும் நாள் ஒழுங்கு. காலையில் படைப்பாளிகளோடு விவாத அமர்வுகள் நடக்கும். முந்தைய நாள் படங்களின் இயக்குநர்கள் அங்கே கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். அதை முடித்துக்கொண்டு மிக்காவுக்குப் போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் தூங்குங்கள். வெயிலில் அலைந்தால் மாலைப் படத்தில் கண் சொருகும். மதியத்துக்குச் சோற்றோடு தக்காளியும் இறைச்சியும் சேர்த்துச் சமைக்கும் ‘ரி கிரா’ நம் வயிற்றுக்கு ஒத்துப்போகும். ‘தோ’ என்ற தானியக் களி நம் கேழ்வரகுக் களிக்குச் சொந்தக்காரன் போல இருக்கும். வெண்டைக்காய்க் குழம்போடு கொடுத்தால் மறுக்காதீர்கள்.

மாலையில் சினே புர்கினா, சினே நீர்வாயா இரண்டில் ஒன்றுக்குப் போங்கள். ஊரின் பழகிய பெரிய அரங்குகள் இவை. உள்ளூர் இயக்குநரின் படமென்றால் ஒரு மணி நேரமாவது முன்பே போய்விட வேண்டும். வாசலில் உடலையும் பையையும் சோதனை செய்வார்கள். பெரிய பை, கேமரா மூட்டை வேண்டாம். அட்டை வைத்திருந்தால் இடம் உறுதி என்று எண்ணாதீர்கள். அரங்கு நிரம்பிவிட்டால் அட்டையும் டிக்கெட்டும் ஒன்றுதான். என் யோசனை, அட்டை இருந்தாலும் முக்கியமான காட்சிக்கு டிக்கெட்டும் வாங்கிவிடுவது. விலை அதிகமில்லை; அந்த வரிசையில் நிற்பதே ஒரு பாடம். பல்கலைக்கழக மாணவர்கள், அலுவலகம் முடிந்து வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர்கள், குழந்தையை முதுகில் கட்டிய பெண்கள், ஃபாசோ டான் ஃபானி என்ற கைத்தறிப் பருத்தியில் உடுத்திய முதியவர்கள் எல்லாரும் நிற்பார்கள். எந்தப் படத்தைப் பார்க்க வந்தீர்கள், ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்று கேளுங்கள். சந்தையில் கிடைக்காத விவரம் அங்கே கிடைக்கும்.

உள்ளே போனபின் திரையை மட்டும் பார்க்காதீர்கள். காதால் அரங்கைக் கேளுங்கள். மோரே வசனம் வரும்போது துணைத்தலைப்பு வருவதற்கு முன்பே சிரிப்பு எழும். கிராமத் தலைவர் பாத்திரம் பொய் சொல்லும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் உரக்க மறுத்துப் பேசுவார். பிரெஞ்சில் மட்டுமே பேசும் நகரத்துப் பாத்திரத்துக்கு அரங்கு மௌனமாக இருக்கலாம். வெளிநாட்டு விழாவில் மரியாதையான கைதட்டலோடு முடிந்த காட்சி இங்கே எப்படி வரவேற்கப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பத்தி எழுதச் சொல்வேன்: நான் என்ன நினைத்தேன் என்று ஒன்று, அரங்கு என்ன நினைத்தது என்று ஒன்று. இரண்டும் முரண்படும் படங்களைத்தான் மறுநாள் சந்தையில் முதலில் தேடிப்போக வேண்டும்.

பெரிய அரங்கோடு நின்றுவிட வேண்டாம். சுற்றுப்புறக் குடியிருப்புகளில் திறந்தவெளித் திரையிடல் நடந்தால், உள்ளூர் நண்பர் ஒருவரோடு போய்ப் பாருங்கள். வண்டியில் திரையும் கருவியும் ஏற்றிச் சென்று கிராமங்களில் படம் போடும் நடமாடும் சினிமா இந்த நாட்டில் உயிரோடு இருக்கிறது.

மிக்காவில் எப்படிப் பேசுவது

சந்தைக்குள் முதல் நாள் சுற்றிப் பார்க்க மட்டும் செய்யுங்கள். பெரிய கூடங்களில் பிரெஞ்சு மொழித் தொலைக்காட்சி நிறுவனங்கள் இருக்கும். அங்கே பரபரப்பாக விலைபோவது தொடர்கள்தான். திரைப்படக் கழகத்துக்குப் படம் தேடுபவர் போக வேண்டியது தனித் தயாரிப்பாளர்களிடமும் சிறு வினியோகஸ்தர்களிடமும்.

அங்கே வணக்கம் சொல்லாமல் வியாபாரம் பேசக் கூடாது. உடல்நலம், குடும்பம், பயணம் விசாரித்து முடித்த பிறகே படத்துக்கு வருவார்கள். அவசரம் காட்டுபவரோடு பேச்சு நீளாது. நேற்று மாலை உங்கள் படத்தை அரங்கில் பார்த்தேன், அந்தக் காட்சியில் மக்கள் இப்படிச் சிரித்தார்கள் என்று தொடங்குங்கள். பல வாங்குவோர் கணினியில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வருகிறவர்கள். மக்களோடு முழுப் படமும் பார்த்தவர் என்று தெரிந்தால் தயாரிப்பாளர் உங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போடுவார்.

பிறகு கேட்க வேண்டியவை: ஆசிய உரிமை யாரிடம் இருக்கிறது? ஐரோப்பிய விற்பனை நிறுவனம் ஒன்றிடம் உலக உரிமை போயிருந்தால், இயக்குநர் ‘சரி’ என்று சொன்னாலும் அவரால் தர முடியாது. கதை, இசை, பழைய ஒளிப்பதிவுத் துண்டுகள் ஆகியவற்றின் உரிமை எழுத்தில் இருக்கிறதா? கழகத் திரையிடலுக்கு ஒரு காட்சிக் கட்டணம் எவ்வளவு? அது காட்சி எண்ணிக்கைக்கா, ஊர் எண்ணிக்கைக்கா? பிரதி எந்த வடிவில் வரும், அனுப்பும் செலவு யாருடையது? இலவசமாகக் கேட்காதீர்கள். இந்தப் படங்களை எடுத்தவர்கள் பல ஆண்டு கடன்பட்டு எடுத்தவர்கள். சிறு தொகையானாலும் முறைப்படி கொடுப்பதுதான் மரியாதை.

வாய்மொழியாக ஒப்புக்கொண்டதை அன்று இரவே பிரெஞ்சில் மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள். விழா முடிந்தபின் எல்லாரும் அவரவர் ஊருக்குச் சிதறிவிடுவார்கள்.

பரிசளிப்பு

பெரும்பரிசு யெனெங்காவின் பொன் குதிரை. மோசி மக்களின் மூதாய் எனப் போற்றப்படும் வீர இளவரசி யெனெங்கா குதிரைமேல் ஈட்டியோடு வரும் உருவம் அது. 2023இல் பரிசுத் தொகை 2 கோடி சிஃபா பிராங்க், ஏறத்தாழ 30,000 யூரோ. 1997இல் கஸ்தோன் கபோரே வென்றபின் புர்கினா ஃபாசோவுக்கு மீண்டும் அந்தக் குதிரை கிடைக்க 2025 வரை ஆனது; டானி குயாத்தே அதை வென்றார். 2025 விழா வரை ஒரு பெண் இயக்குநருக்குக்கூடப் பொன் குதிரை கிடைத்ததில்லை. 2023இல் அப்போலின் திரவோரே வெள்ளிக் குதிரை வரை வந்தார். இந்தக் குறையை விழாவில் பலர் வெளிப்படையாகவே பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். பெண் இயக்குநர்களின் படங்களைப் பட்டியலில் தனியாகக் குறித்துக்கொண்டு அவற்றின் பொதுக்காட்சிகளை விடாமல் பாருங்கள்.

பரிசு பெற்ற படத்தின் உரிமை விலை அடுத்த நாளே ஏறும். உங்கள் கழகத்துக்கு ஒரு படம் வேண்டுமென்று முடிவு செய்துவிட்டால், பரிசளிப்புக்கு முன்பே பேசி முடியுங்கள்.

ஊருக்குக் கொண்டுவரும் வேலை

திரும்பி வந்து செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, தணிக்கை. விழாவிலோ கழகத்திலோ வெளிநாட்டுப் படத்தைச் சான்றிதழின்றிக் காட்ட, இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு பெற வேண்டும். படங்களின் பட்டியல், கதைச்சுருக்கம், திரையிடும் நாள், இடம் ஆகியவற்றோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது, பணம் அனுப்புவது. ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்; சிறு வேறுபாட்டுக்கும் வங்கி நிறுத்தி வைக்கும்.

மூன்றாவது, தமிழ்த் துணைத்தலைப்பு. இதற்கான அனுமதியை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். தயாரிப்பாளரிடம் நேரக் குறிப்போடு கூடிய முழு வசனப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத் துணைத்தலைப்பிலிருந்து தமிழாக்கினால், மூல மொழியிலிருந்து பிரெஞ்சு, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று மூன்று முறை வடிகட்டியது போலாகும். உறவுமுறைச் சொற்களும் மரியாதை விளிகளும் அந்தப் பாதையில் காணாமல் போகும். மோரே, பம்பாரா, வோலோஃப் பேசும் படங்களில் யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதில் கதையின் பாதி இருக்கிறது. வசனப் பட்டியலில் அண்ணனா தம்பியா, தாய்வழி மாமனா தந்தைவழிச் சிற்றப்பனா என்று சந்தேகம் வரும் இடங்களைக் குறித்து, இயக்குநரிடமே எழுதிக் கேளுங்கள். அந்தப் பதில்கள் வந்து சேர்ந்த பிறகு திரையிடும் நாளை அறிவியுங்கள்.